தித்தாஷ்: ஓர் ஆற்றின் பெயரும் அதன் கரைப் பேச்சும்
(மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு திறனாய்வு)

0. முன்னுரை

ஆற்றைக் களமாகக் கொண்ட வங்காளப் புதினங்களுள் மானிக் பந்தோபாத்யாயின் ‘பத்மா நதீர் மாஜி’ (1936), அத்வைத மல்லபர்மனின் ‘தித்தாஷ் ஏக்டி நதீர் நாம்’ (1956) ஆகிய இரண்டும் ஒருங்கு வைத்து எண்ணப்படுவன. இரண்டும் மீனவர் வாழ்வைக் கூறுவன. எனினும் முன்னது பேராறு ஒன்றையும் அதன் கரையில் வாழ்வோரையும் வெளியிலிருந்து சென்று கண்ட எழுத்தாளரின் படைப்பு. பின்னது, மேக்னாவிலிருந்து பிரிந்து மீண்டும் மேக்னாவிலேயே சேரும் ஒரு நடுத்தர ஆற்றைப் பற்றி, அதன் கரையில் மாலோ என்னும் மீனவக் குடியிற் பிறந்த ஒருவர் எழுதியது.

மல்லபர்மன் 1914இல் பிராமண்பாரியாவை அடுத்த கோகர்ண காட் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தில் உள்ளது. ஊர் மாலோக்கள் திரட்டித் தந்த பொருளுதவியால் கல்வி பெற்றார். பின்னர்க் கல்கத்தாவில் இதழாசிரியப் பணி செய்து, காசநோயால் 1951இல் மறைந்தார். ‘மொஹம்மதி’ இதழில் இப்புதினத்தின் சில பகுதிகள் வெளிவந்த நிலையில் கையெழுத்துப்படி தொலைந்தது. அவர் மீண்டும் எழுதினார். நூல் வெளிவந்தபோது அவர் உயிரோடில்லை. ரித்விக் கட்டக் 1973இல் இதனைத் திரைப்படமாக்கினார். கல்பனா பர்தனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1990களின் தொடக்கத்தில் வெளிவந்தது.

ஓர் ஆறு தூர்ந்ததனால் அழிந்த குடியின் கதை என்பதே இந்நூலைப் பற்றிப் பெருவழக்காக உள்ள கருத்து. அது பிழையன்று, ஆனால் முழுமையானதும் அன்று. புதினத்தின் நிகழ்ச்சி வரிசையில் ஆறு தூர்வதற்கு முன்பே மாலோக்களின் பாட்டும் பேச்சும் சிதைகின்றன. ஒரு பேச்சுச் சமூகத்தின் முடிவு நிலவியல் முடிவுக்கு முன்னரே நேர்ந்துவிடுகிறது. இவ்வுண்மை கதைப் பொருளில் மட்டுமன்றி நூலின் மொழி அமைப்பிலும் பதிந்துள்ளது. ஆதலின் அவ்வமைப்பைச் சமன்படுத்தும் மொழிபெயர்ப்பு, கதையைக் காத்துக்கொண்டே நூலின் கருத்தை இழந்துவிடக்கூடும் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. தமிழாக்கத்தில் எழும் சிக்கல்களே இங்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

1. பெயரும் தலைப்பும்

சிக்கல் ஆற்றின் பெயரிலேயே தொடங்குகிறது. வங்காளத்தில் இப்பெயரின் இரண்டாம் தகரம் ஒலிப்பிலா ஒலி. தமிழில் இரண்டு உயிர்களுக்கிடையே வரும் தனித் தகரம் ஒலிப்புடை ஒலியாகவே படிக்கப்படும். எனவே ‘திதாஷ்’ என எழுதினால் பெயரே மாறிவிடும். ‘தித்தாஷ்’ என இரட்டித்து எழுதுவது மூலத்தில் இல்லாத நீட்டத்தைச் சேர்க்கிறது. இரண்டினுள் தீங்கு குறைந்தது பின்னதே.

தலைப்பு ஒரு பெயர்ப்பயனிலைத் தொடர். இணைப்புவினை வேண்டாத இவ்வமைப்பு தமிழுக்கும் இயல்பானதாகையால் தொடரமைப்பில் இடர்ப்பாடில்லை. இடர்ப்பாடு ‘ஏக்டி’ என்னும் சொல்லில் உள்ளது. வங்காளத்தில் எண்ணுப்பெயரோடு வகைப்பாட்டு ஒட்டுச் சேரும். ‘-டா’ என்னும் ஒட்டு பொதுமையானது; ‘-டி’ என்பது சிறுமையையும் பரிவையும் உணர்த்துவது. ‘ஏக்டி நதீ’ என்பதில் ‘ஒன்று’ என்னும் எண்ணுப் பொருளைவிட ‘சிறியது, நமக்கு உகந்தது’ என்னும் குறிப்பே மேலோங்கும். தமிழில் இத்தகைய ஒட்டு இல்லை. ‘ஒரு சிற்றாற்றின் பெயர்’ என்றால் சிறுமை அளவுப் பொருளாகிவிடும், பரிவு வாராது.

‘நதீ’ என்னும் சொல் வங்காளத்தில் எல்லா ஆறுகளுக்கும் வழங்கும் பொதுச்சொல். தமிழில் ‘நதி’ ஒரு படி உயர்ந்து ஒலிக்கும். கங்கை, யமுனை முதலிய புனிதப் பெயர்களின் சாயல் அதிற் படிந்துள்ளது. வரலாற்றேடுகளில் இடம்பெறாத, எளியோர் மட்டுமே அறிந்த ஆறு என்பதைத் தொடக்கத்திலேயே வலியுறுத்தும் நூலுக்கு அச்சாயல் பொருந்தாது. ‘தித்தாஷ் ஓர் ஆற்றின் பெயர்’ என்பதே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. கிழக்கு வங்காள ஊர்மக்கள் ஆற்றைக் ‘காங்’ என்றும் கூறுவர். கதைகூறுவோனின் ‘நதீ’யும் ஊராரின் ‘காங்’கும் இரு வேறு சொற்கள். தமிழில் இவ்வேற்றுமையை ஒரே சொல்லின் இரு வடிவங்களால் காட்ட இயலும்: கதைகூறலில் ‘ஆற்றில்’, உரையாடலில் ‘ஆத்துல’.

ஊர்ப்பெயரிலும் இதே கவனம் வேண்டும். நூலில் ஊர் ‘கோகன்காட்’ எனப் பேச்சு வடிவிலேயே வழங்குகிறது. வடமொழியறிவு மிக்க மொழிபெயர்ப்பாளர் அதனைக் ‘கோகர்ணம்’ எனத் திருத்த முற்படலாம். அவ்வாறு செய்தால் தமிழ் வாசகர் நினைவு கருநாடகக் கடற்கரையின் திருத்தலத்திற்குச் சென்றுவிடும். மெய்ம்மயக்கம் எளிமையான அவ்வடிவம், ஊரை அங்கு வாழ்வோரின் வாய்வழியாகவே அறிமுகப்படுத்துகிறது. அது திருத்தப்பட வேண்டிய பிழையன்று.

2. ஆறும் வினைமுற்றும்

தமிழ் மொழிபெயர்ப்பாளர் நூலின் முதற்பக்கத்திலேயே ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். வங்காள வினைமுற்றில் திணை, பால் வேறுபாடுகள் இல்லை. மனிதன் உறங்குவதற்கும் ஆறு உறங்குவதற்கும் ஒரே ஈறு. மல்லபர்மன் ஆற்றை ‘ஸே’ என்னும் படர்க்கைப் பெயரால் சுட்டுகிறார். அப்பெயர் ஆணுக்கும் பெண்ணுக்கும் வழங்குவது. ஆறு துயில்வதும் விழிப்பதும் இவ்விலக்கணத்தில் உருவகமாகத் துருத்திக்கொண்டு நிற்பதில்லை. மாந்தர் செயலைப் போலவே இயல்பாகக் கூறப்பட்டுவிடுகிறது.

தமிழில் ‘உறங்குகிறது’ என்றோ ‘உறங்குகிறாள்’ என்றோ தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். இரண்டாவது வடிவம் ஈர்ப்புடையது. காவிரியைத் தாயாகவும் கன்னியாகவும் பாடிய மரபு அதற்குத் துணை நிற்கும். ஆனால் அவ்வீறு வந்தவுடன் தித்தாஷ் ஒரு தெய்வமாகிவிடுகிறது. தெய்வமாகிய ஆறு வற்றினால் அது சாபம் அல்லது சினம் எனப் பொருள்படும். மாலோக்களின் ஆறு அவ்வாறு சினப்பதில்லை. மண் படிந்து மேடாகிறது. மேட்டை வலியோர் கைப்பற்றுகின்றனர். காரணமும் விளைவும் இவ்வுலகத்தவை.

ஆதலின் அஃறிணை ஈற்றைக் கொண்டு, வினைச்சொற்களை மட்டும் மாந்தர்க்குரியனவாக வைத்தலே தக்கது. ‘ஆறு வருது’, ‘ஆறு எடுத்துக்கிட்டுப் போயிருச்சு’ எனத் தமிழ்ச் சிற்றூரார் கூறுவதில் அஃறிணை ஈறும் உயிர்ப்பும் ஒருங்கே நிற்பதைக் காணலாம். இலக்கணம் தரும் தடையை வழக்கு இவ்வாறு தளர்த்திக் கொடுக்கிறது.

3. கதைகூறலும் உரையாடலும்

நூலின் கதைகூறல், வினையில் எழுத்துமொழியாகிய ‘சாது’ வடிவங்களையும், படர்க்கைப் பெயர்களில் பெரிதும் ‘சலித்’ எனப்படும் வழக்குமொழி வடிவங்களையும் கொண்டது. 1914இல் பிரமத சௌதுரியின் ‘ஸபுஜ் பத்ர’ இதழ் தொடங்கிய பின் சலித் நடை வங்காள உரைநடையில் படிப்படியாக இடம்பெற்றது. எனினும் புதினத்தில் சாது நடை உடனே மறைந்துவிடவில்லை. ‘பத்மா நதீர் மாஜி’யின் கதைகூறலும் சாது நடையதே.

மாலோக்களின் உரையாடல் கிழக்கு வங்காள வட்டார வழக்கில் அமைந்தது. ‘என்னை, எனக்கு’ என்பதற்குப் பொது வழக்கு ‘ஆமாகே’. இவர்கள் பேச்சில் ‘ஆமாரே’. ‘போவேன்’ என்பதற்குப் பொது வழக்கு ‘ஜாபோ’. இவர்கள் பேச்சில் ‘ஜாமு’. இவ்வேறுபாடுகள் வங்காள வாசகர்க்கு ஒரு சொல் கேட்ட அளவிலேயே பேசுவோரின் இடத்தை உணர்த்திவிடும்.

இங்கு ஒரு வரலாற்றுச் செய்தி நினைக்கத்தக்கது. ‘செய்து’ என்னும் எச்சம் சாது நடையில் ‘கரியா’. கிழக்கு வழக்கில் ‘கோஇரா’. கல்கத்தாவின் சலித் நடையில் ‘கோரே’. இகரம் முன்னோக்கி நகர்ந்த நிலை கிழக்கு வழக்கு. அது உயிரோடு கலந்து திரிந்த நிலை சலித். அதாவது ஒலிவரலாற்றில் மாலோக்களின் பேச்சு, தலைநகரக் கற்றோர் பேச்சைவிடக் கதைகூறுவோனின் எழுத்துமொழிக்கு ஒரு படி அண்மையது. எழுத்தறிந்த கதைகூறுவோனும் எழுத்தறியாக் கிஷோரும் சுபலும் ஒரே பழைய எலும்புக்கூட்டைப் பகிர்ந்துகொள்கின்றனர். கல்கத்தாவின் குரலே இவர்கள் இருவர்க்கும் அயலானது.

தமிழ் இரட்டை வழக்கு மொழியாகையால், கதைகூறலுக்கு எழுத்துத் தமிழும் உரையாடலுக்குப் பேச்சுத் தமிழும் எனப் பிரித்துக்கொள்வது எளிது. இவ்வகையில் ஆங்கிலத்தைவிடத் தமிழ் வளமுடையது. ஆனால் எளிமையே இடறலாகவும் கூடும். தமிழில் இவ்விரண்டின் இடைவெளி பெரிது. பேச்சைக் ‘கொச்சை’ எனக் கருதும் மனப்பாங்கும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. உரையாடலை மிகுதியாகத் திரித்து எழுதினால் மாலோக்கள் கல்லாதார் என்னும் எண்ணமே மேலெழும். கதைகூறுவோன் அவர்களுள் ஒருவன் என்னும் உணர்வு அறும்.

மற்றொரு வழி, தமிழகத்தின் குறிப்பிட்ட மீனவர் வழக்கொன்றை அப்படியே எடுத்தாள்வது. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977), ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) ஆகியன நெய்தல் நில வழக்கை எழுத்தில் நிலைநிறுத்தியுள்ளன. அவ்வளம் மொழிபெயர்ப்பாளரை ஈர்ப்பது இயல்பே. எனினும் அது கடலின் வழக்கு. அதற்குரிய சமயமும் குடியும் வேறு. தித்தாஷின் மாலோ நெல்லைக் கடற்கரையின் குரலிற் பேசினால், வாசகர் ஆற்றின் கரையில் நின்று கடலின் ஓசையைக் கேட்பர். குறிப்பிட்ட மாவட்ட அடையாளம் மேலோங்காத பொதுப் பேச்சுத் தமிழை அடிப்படையாகக் கொண்டு, தொழிற்சொற்களிலும் விளிகளிலும் மட்டும் நாட்டுப்புறத் தன்மையைச் செறிவாக்குவதே நடுவழி.

4. நீரும் வலையும் திங்களும்

ஒலியொப்புமையும் வேரொப்புமையும் மொழிபெயர்ப்பாளரை ஏமாற்றும் இடங்கள் இந்நூலிற் பல. வங்காளத்தில் நீருக்கு இந்துக்கள் ‘ஜல்’ என்றும் முஸ்லிம்கள் ‘பானி’ என்றும் கூறுவது சமூக வேறுபாட்டைக் காட்டும் பரவலான வழக்கு. மாலோ மீனவரும், காதிர் மியா போன்ற முஸ்லிம் உழவரும் ஒரே ஆற்றின் கரையில் வாழும் கதையில் நீரின் பெயரே பேசுவோரை இனங்காட்ட வல்லது. ‘ஜல்’ என்பதற்கு நேராகத் தமிழில் ‘ஜலம்’ உள்ளது. ஆனால் தமிழில் அது பார்ப்பனர் வழக்கின் அடையாளம். வேரொப்புமையை நம்பி அதனை எடுத்தாண்டால் மாலோ மீனவர் ஒரே சொல்லில் குடி மாறிவிடுவார். மாலோவுக்கும் உழவருக்கும் ‘தண்ணி’யே பொருந்தும், சமூக வேறுபாட்டை விளியிலும் வாழ்த்திலும் காட்டிக்கொள்ளலாம். ‘ஜல்’ (நீர்), ‘ஜால்’ (வலை) என்னும் இரண்டும் உயிரொலி ஒன்றனால் மட்டும் வேறுபடும் இணைகள். மீனவர் வாழ்வின் இரு முனைகளும் இவ்வளவு நெருங்கி ஒலிப்பதைத் தமிழில் கொண்டுவருதல் இயலாது. இழப்பை இழப்பென ஏற்பதே நேர்மை.

‘ராங்கா நாஓ’ என்பது நூலின் ஓர் இயலின் பெயர். ‘நாஓ’ ஊர்ச்சொல், பொது வழக்கு ‘நௌகா’. தமிழ் ‘நாவாய்’ ஒலியால் நெருங்கியது. பொருட்சூழலாலோ வெகு தொலைவினது. நாவாய் கடல் வணிகக் கலம், செய்யுட்சொல். ‘ஓடம்’ அல்லது ‘தோணி’ எனலே அமையும். வலை, தூண்டில், ஊத்தா முதலிய உள்நாட்டு மீன்பிடிச் சொற்கள் தமிழில் இன்றும் வழக்கிலுள்ளவை. அவை ஏரி, குளம், ஆறு சார்ந்தவையாகையால் கடல் வழக்கைவிட இங்கு உதவுவன.

‘சர்’ என்னும் சொல் இவற்றினும் அரிது. ஆற்றில் வண்டல் படிந்து எழும் நிலத்தை அது குறிக்கும். ‘ஆற்றிடைக்குறை’ ஏட்டுச்சொல். ‘எக்கல்’ மண்ணைக் குறிக்கும். ‘திட்டு’ மேட்டைக் குறிக்கும். ‘படுகை’ உழப்படும் கரைநிலத்தைக் குறிக்கும். வங்காளச் சொல் இம்மூன்று நிலைகளையும் ஒருங்கே தழுவுவதோடு, நிலம் யாருக்குரியது என்னும் வழக்கையும் உள்ளடக்கியது. நூலின் இறுதிப் பகுதியில் மண் முதலில் நீருக்கடியில் எக்கலாகிறது. பின் திட்டாகத் தலைகாட்டுகிறது. இறுதியில் பிறர் உழும் படுகையாகிறது. தமிழின் மூன்று சொற்களையும் இம்மூன்று கட்டங்களுக்கு முறையே பயன்படுத்தினால், மூலத்தில் ஒரே சொல்லுக்குள் மறைந்திருக்கும் பறிபோதல் தமிழில் படிப்படியாகப் புலப்படும். மொழிபெயர்ப்பு ஈட்டமாக அமையும் அரிய இடம் இது.

திங்கட்பெயர்களில் பிழை நேர்வது மிக எளிது. வங்காள ஆண்டு வைசாகத்தில் தொடங்குகிறது. தமிழாண்டு சித்திரையில் தொடங்குகிறது. இரண்டும் ஏப்ரல் நடுவில் பிறப்பவை. எனவே வங்காளச் சைத்ரம் தமிழ்ப் பங்குனிக்கு நேராகும், சித்திரைக்கு அன்று. நூலின் தொடக்கத்தில் தித்தாஷுக்கு எதிர்நிலையாக விஜய் என்னும் சிற்றாறு காட்டப்படுகிறது. சைத்ர வறட்சியில் அது வற்ற, அதன் கரை மாலோக்கள் தவிக்கின்றனர். இதனைச் ‘சித்திரை வறட்சி’ எனப் பெயர்த்தால் ஒரு திங்கள் தவறும். இவ்வாறே கன்னிப்பெண்கள் நோற்கும் ‘மாக் மண்டல்’ நோன்பின் மாகம் தமிழ்த் தையாகும், மாசியாகாது. அந்நோன்பின் முடிவில் பெண்கள் அழகுசெய்த சௌயாரிகளை ஆற்றில் மிதக்கவிடுகின்றனர். பாசந்திக்காகக் கிஷோரும் சுபலும் அதனைச் செய்து தருகின்றனர். சங்க இலக்கியம் சுட்டும் தைந்நீராடல் தமிழறிஞர்க்கு இங்கு நினைவுக்கு வரும். அவ்வொப்புமை ஆய்வுக்கு உரியது. மொழிபெயர்ப்பில் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தல் தகாது.

5. உறவுப்பெயரும் அழைப்பும்

நூலின் முதன்மைப் பெண்மாந்தர் ஒருவருக்குப் பெயரே இல்லை. கிஷோர் தொலைவூரில் மாலையிட்டு அழைத்து வரும் வழியில் கொள்ளையரால் கவரப்பட்டவள்; பின் தன் மகனோடு கோகன்காட் வந்து சேர்ந்து, ‘அனந்தனின் தாய்’ என்றே அறியப்படுகிறாள். பாசந்திக்குப் பெயருண்டு, எனினும் கணவன் இறந்த பின்னரும் அவள் ‘சுபலின் பௌ’ ஆகவே வழங்கப்படுகிறாள். ‘பௌ’ என்பது மணப்பெண், மனைவி, மருமகள் என்னும் மூன்றையும் குறிக்கும். ‘சுபலின் மனைவி’ என்பது பதிவேட்டு நடை. ‘சுபல் பெண்சாதி’, ‘அனந்தன் அம்மா’ என வேற்றுமை உருபின்றி அமைத்தலே ஊரார் வாய்மொழியை ஒக்கும்.

அனந்தன் பாசந்தியை ‘மாஸி’ என அழைக்கிறான். வங்காள ‘மாஸி’ தாயின் உடன்பிறந்தாள். மூத்தவள், இளையவள் என்னும் பாகுபாடு அதில் இல்லை. தமிழில் பெரியம்மா, சித்தி, சின்னம்மா என்பவற்றுள் ஒன்றைத் தெரிய வேண்டும். ‘சித்தி’ சிற்றன்னை என்னும் மாற்றாந்தாய்ப் பொருளையும் தழுவுவதால் இங்கு ஊறு செய்யும். ‘சின்னம்மா’ ஏற்றது. திராவிட உறவுமுறை தாயின் உடன்பிறந்தாளைத் தாயின் வகையிலேயே அடக்குகிறது. அச்சொல்லுக்குள் ‘அம்மா’ உள்ளது. தாயை இழந்த சிறுவன் மீது பாசந்திக்கு எழும் உரிமையும், அவன் உதயதாராவுடன் சென்றுவிடும்போது அவள் அடையும் முறிவும் தமிழ்ச் சொல்லில் மூலத்தைவிட வெளிப்படையாகின்றன.

முன்னிலையில் வங்காளத்திற்கு மூன்று படிகள்: ‘துய்’, ‘துமி’, ‘ஆப்னி’. தமிழ்ப் பொது வழக்கின் ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் இரண்டுள் முதலிரண்டும் ஒன்றாகிவிடும். ‘துய்’ வருமிடத்து ‘-டா’, ‘-டி’ ஒட்டுகளைச் சேர்த்தும், ‘துமி’க்குத் தனி ‘நீ’யை வைத்தும் இவ்விழப்பைப் பெரிதும் ஈடுசெய்யலாம்.

6. பாட்டின் தோல்வி

மேற்கூறிய நுட்பங்கள் அனைத்தும் ஒரே நிகழ்ச்சியை நோக்கியே திரள்கின்றன. மாலோக்களுக்கு வழிவழி வந்த பாடல்கள் உள. அவை பருவத்தோடும் தொழிலோடும் நோன்போடும் இணைந்தவை. அனைவரும் கூடிப் பாடுபவை. வெளியிலிருந்து ஜாத்ரா நாடகம் ஊருக்குள் வருகிறது. இளைஞர் அதன் பக்கம் சாய்கின்றனர். மோகன் முதலியோர் பழம்பாடல்களைப் பாடி எதிர்நிற்க முயல்கின்றனர். பாசந்தி அவர்கள் பக்கம் நிற்கிறாள். கூட்டம் ஜாத்ராவை நோக்கிச் சென்றுவிடுகிறது. அதன் பின் ஊரில் ஒருமை இல்லை. ஆறு தூர்வது அடுத்த இயலில்தான்.

மொழியியல் நோக்கில் இது வழங்குகளங்களின் சுருக்கம். ஒரு குடியின் மொழி, அது வழங்கிய சடங்கும் கூட்டமும் இல்லாதபோது, பேசுவோர் இருக்கவே பயனிழக்கிறது. மாலோக்கள் வேறு மொழிக்கு மாறவில்லை. ஆனால் தமக்கே உரிய பாங்கில் ஒருவரோடொருவர் பேசும் ஆற்றலை இழக்கின்றனர். வலிமையாளர் திட்டைக் கைப்பற்ற வரும்போது ஊர் ஒன்றுகூடாமைக்கு இதுவும் காரணம்.

மொழிபெயர்ப்பில் பழம்பாடலும் ஜாத்ராப் பாடலும் ஒரே இனிய தமிழ் நடையில் வருமாயின் இத்தோல்வி வாசகர்க்குப் புலப்படாது. ஏன் கூட்டம் கலைந்தது, ஏன் அது இழப்பு என்னும் இரண்டும் மறைந்துவிடும். தமிழ்க் காதுக்கு இவ்வேறுபாடு புதிதன்று. நடவுப் பாட்டும் கும்மியும் ஒரு பக்கம். வடசொல் விரவிய மேடை விருத்தத்தோடு ஊருக்கு வந்த இசைநாடகம் மறுபக்கம். பழம்பாடல்களை நாட்டுப்புறச் சொல்லாட்சியிலும், ஜாத்ராப் பாடல்களை மேடைத் தமிழிலும் பெயர்த்தால் இரண்டின் மோதலைக் காது உணரும்.

நூலுக்குக் குறையே இல்லை எனக் கூறுதல் திறனாய்வாகாது. கதைகூறுவோன் ஆற்றைப் பற்றி எண்ணமிடும் பகுதிகள் சிலவிடத்து நீண்டு, மாந்தர் பேச்சு முன்னமே உணர்த்தியதை மீண்டும் விளக்குகின்றன. ஆனால் அந்நீட்சிக்கும் ஒரு காரணம் உண்டு. ஊரை விட்டுக் கல்விக்காகச் செல்லும் அனந்தனைப் போலவே மல்லபர்மனும் ஊரை விட்டு வந்தவர். கதைகூறலின் மொழி சென்றவரின் மொழி. உரையாடலின் மொழி இருந்தவரின் மொழி. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவே இந்நூல் எழுதப்பட்டமைக்குக் காரணம்.

7. முடிவுரை

சிற்றூர் ஆறொன்றைப் பற்றிய இலக்கியத்தை இயற்கைக்கு எழுதிய இரங்கற்பாவாகப் படிக்கும் பழக்கம் மொழிபெயர்ப்பையும் வழிநடத்துகிறது. அப்பழக்கத்தில் நீரும் நிலவும் ஒளியும் அழகுறப் பெயர்க்கப்படும். விளியும் உறவுப்பெயரும் தொழிற்சொல்லும் சிறு செய்திகளாக ஒதுங்கும். தித்தாஷைப் பொறுத்தவரை அச்சிறு செய்திகளே சான்றுகள். அவற்றைச் சமன்படுத்தினால், ஜாத்ரா அரங்கில் மாலோப் பாட்டுக்கு நேர்ந்தது மொழிபெயர்ப்பு நூலில் மாலோப் பேச்சுக்கும் நேரும். இந்திய மொழிகளுக்கிடையே பெயர்ப்போர் வேரொப்புமையை ஐயத்துடனும் வழக்கை மதிப்புடனும் நோக்க வேண்டும் என்பதற்கு இந்நூலினும் தெளிவான சான்று அரிது. தமிழுக்கு இரட்டை வழக்கும், விரிந்த உறவுப்பெயர்த் தொகுதியும், உள்நாட்டு மீன்பிடிச் சொற்களும் உள்ளன. ஆற்றுக்குப் பொன்மொழி தேடுவதைக் காட்டிலும், கோகன்காட்டுக்காரர் ஒருவரையொருவர் எவ்வாறு அழைத்தனர் என்பதைத் தமிழில் கேட்கச் செய்வதற்கு இவ்வளத்தைப் பயன்படுத்துதல் மொழிபெயர்ப்பாளரின் முதற்கடன்.